வெளிவரும் முன்பே அடைத்த ஓட்டை

தா.பழூரில் பிளஸ் டூ கணினி அறிவியல் படிக்கும் மாணவருக்குப் பைதான் பாடப்புத்தக மொழி. பன்னிரண்டாம் வகுப்புக்கான புதிய பாடத்திட்டம் 2019ல் நடைமுறைக்கு வந்தபோது அது வகுப்பறைக்குள் நுழைந்தது. தமிழிலேயே நிரல் எழுதுவதற்காக முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியும் பைதானின் மேல்தான் ஓடுகிறது. ஆகவே பைதானில் ஒரு பாதுகாப்பு ஓட்டை எந்தப் பதிப்பில், எப்போது அடைபடுகிறது என்பது நமக்கும் உரிய கேள்வி. இன்னும் முறையாக வெளிவராத சோதனைப் பதிப்பிலும் அதை அடைத்தாக வேண்டும் என்பதே என் வாதம். 2022ல் நடந்தது அதற்கு நல்ல சான்று.

பைதானில் முழு எண் எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம். ஆனால் இலக்கங்களாகத் தட்டச்சு செய்த எண்ணைக் கணினி தன் உள்வடிவத்துக்கு மாற்றும்போது, நீளம் பத்து மடங்கானால் நேரம் ஏறக்குறைய நூறு மடங்காகும். ஒரு லட்சம் இலக்கத்துக்கு 50 மில்லி விநாடி போதும். பத்து லட்சம் இலக்கத்துக்கு 5 விநாடி வேண்டும். ஓர் இணையதளத்தின் படிவத்தில் எண் கேட்கும் இடத்தில் யாராவது இப்படிப்பட்ட எண்களை வரிசையாக அனுப்பினால் சர்வர் அதிலேயே மூழ்கிவிடும். மற்றவர்களுக்குப் பதில் வராது. திருட்டு நடக்காது, ஆனால் சேவை முடங்கும். இந்த ஓட்டைக்கு 2020லேயே அடையாள எண் கிடைத்துவிட்டது. திருத்தம் வந்தது 2022 செப்டம்பரில்: 4300 இலக்கத்துக்கு மேல் போனால் மாற்ற மறுத்துப் பிழை காட்டும். அப்போது புழக்கத்தில் இருந்த 3.7 முதல் 3.10 வரையிலான பதிப்புகளுக்கு அது போனது. சில நாள்களில், செப்டம்பர் 12 அன்று வந்த 3.11இன் இரண்டாவது இறுதிக்கட்டச் சோதனைப் பதிப்பிலும் சேர்ந்தது.

யாரும் வேலைக்குப் பயன்படுத்தாத சோதனைப் பதிப்புக்கு இந்த அவசரம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமாகத் தோன்றும் கேள்விதான். ஆனால் சோதனைப் பதிப்புதான் நாளைய பதிப்பு. பழையவற்றில் மட்டும் அடைத்துவிட்டு இதை விட்டிருந்தால், 3.10இலிருந்து 3.11க்கு ஆசையோடு மாறுகிறவர் இருந்த பாதுகாப்பையும் இழந்திருப்பார். மேலும் பைதானின் மூலநிரல் எல்லோரும் படிக்கக் கூடியது. பழைய பதிப்பில் செய்த திருத்தமே ஓட்டை எங்கே என்று காட்டிக் கொடுத்துவிடும். கொள்ளிடத்தில் வெள்ளம் வருமுன் கரையைப் பலப்படுத்துகிறவர்கள் உடைப்பு தெரிந்த இடத்தை மட்டும் திறந்து வைத்துவிட்டுப் போவதில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. மிகப் பெரிய எண்களோடு வேலை செய்யும் கணித நிரல்கள் இந்த வரம்பால் திடீரென்று நின்றன. சின்னத் திருத்தப் பதிப்பு என்று நம்பி நிறுவியவர்களுக்கு மொழியின் நடத்தையே மாறிப்போனது. அவர்கள் குறை சொன்னதில் தவறில்லை. வரம்பை உயர்த்தவோ நீக்கவோ வழி கொடுத்திருந்தாலும், அதைத் தேடி எடுக்கும் சுமை அவர்கள் தலையில்தான் விழுந்தது. ஆனால் இந்தக் குறை சோதனைப் பதிப்புக்குச் சாதகமாகவே பேசுகிறது. 3.11 முறையாக வெளிவந்தது அக்டோபர் 24 அன்று. இடையில் இருந்த ஆறு வாரத்தில், நூலக நிரல்களை எழுதுவோர் புதிய வரம்போடு தங்கள் நிரலை ஓட்டிப் பார்க்க முடிந்தது. பழைய பதிப்புக்காரர்களுக்கு அந்த அவகாசம் வாய்க்கவில்லை. என்னைக் கேட்டால், பெரிய பிழை வேறிடத்தில் இருக்கிறது: இரண்டு ஆண்டுத் தாமதம். 2020ல் 3.9 சோதனையில் இருந்தபோதே இதைச் செய்திருந்தால், இந்த மாற்றம் ஒரு புதிய பதிப்போடு, முன்னறிவிப்போடு வந்திருக்கும்.

சோதனைப் பதிப்பை ஆர்வத்தில் நிறுவும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதற்கென்று தனித் திருத்தம் வராது. அடுத்த சோதனைப் பதிப்புக்கோ இறுதிப் பதிப்புக்கோ மாறினால்தான் திருத்தம் கையில் கிடைக்கும். பைதானைத் திறந்ததும் முதல் வரியிலேயே பதிப்பு எண் தெரியும். பள்ளி ஆய்வகத்திலும் வீட்டிலும் அதை ஒருமுறை பாருங்கள். 3.7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 ஜூனோடு நின்றுவிட்டன.