பூமியின் விலாவில் ஒரு நகரம்

ஈக்வடாரின் தலைநகர் கீட்டோவுக்கு விமானத்தில் போகிறவர்கள் நகரத்துக்குள் இறங்குவதில்லை. கிழக்கே ஒரு மேட்டுச் சமவெளியில் இறங்கி, பள்ளத்தாக்கைத் தாண்டி மேலே ஏறித்தான் ஊருக்கு வரவேண்டும். யாருக்கி என்ற ஊரை ஒட்டிய அந்தச் சமவெளியில் 1736இல் ஒரு கூட்டம் மரக்கோல்களை முனையோடு முனை சேர்த்து வைத்துத் தரையை அளந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். எதிரெதிர் முனைகளிலிருந்து இரண்டு குழுக்கள் தனித்தனியாக அளந்தன. இரண்டு கணக்குக்கும் இடையே வந்த வித்தியாசம் சில அங்குலம்தான்.

எதற்கு இந்தப் பாடு? பூமி துருவங்களில் தட்டையா, இல்லை நடுவில் ஒடுங்கி முட்டைபோல் நீண்டிருக்கிறதா என்ற சண்டை. நியூட்டன் தட்டை என்றார். பாரிஸில் வானியலாளர்களான காசினி குடும்பத்தார் நீளம் என்றார்கள். தீர்ப்புச் சொல்ல ஒரு வழி இருந்தது: வடக்கு தெற்காக ஒரு பாகை தூரத்தைத் துருவத்தருகே ஒரு முறையும் நிலநடுக்கோட்டருகே ஒரு முறையும் அளந்து பார்ப்பது.

பலரும் தடுமாறும் இடம் இது. நடுவில் புடைத்திருந்தால் அங்கேதானே ஒரு பாகை நீளமாக இருக்கும்? கிடையாது. சற்றே தட்டையான ஒரு தக்காளியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். காம்புப் பக்கத்தில் விரலை நகர்த்தினால் வெகுதூரம் போன பிறகே விரல் சாயத் தொடங்கும். விலாப் பக்கத்தில் மேலிருந்து கீழே கொஞ்சம் இழுத்தாலே விரல் திரும்பிவிடும். பாகை என்பது இந்தத் திருப்பத்தின் அளவு. அதனால் தட்டையான துருவத்தில் ஒரு பாகை சுமார் 111.7 கிலோமீட்டர்; புடைத்த கீட்டோ பக்கம் 110.6.

ஒரு கிலோமீட்டர் வித்தியாசத்தைப் பிடிக்க மலைமலையாக ஏறினார்கள். நகரத்துக்கு மேற்கே நிற்கும் பிச்சிஞ்சா எரிமலையில் 1737இல் அந்த அளவைக் கூட்டத்தின் பிரெஞ்சு அறிஞர்கள் பூகே, லா காண்டமின், ஸ்பானிய அதிகாரி உல்லோவா ஆகியோர் ஒரு சின்னக் குடிசையில் மூன்று வாரத்துக்கு மேல் கிடந்தார்கள். சமைக்கத் தண்ணீருக்குப் பதில் பனிக்கட்டியைப் பானையில் போட்டார்கள். சோறும் கொஞ்சம் இறைச்சியும் சாப்பாடு. சாப்பிட்டு முடிப்பதற்குள் உறைந்துவிடாமல் இருக்க, ஆளாளுக்குத் தட்டைக் கனல்சட்டிமேல் வைத்துக்கொண்டு தின்றதாக உல்லோவா எழுதியிருக்கிறார். இத்தனைக்கும் நிலநடுக்கோடு கூப்பிடு தூரம்!

இவ்வளவு பட்டும் பந்தயத்தில் தோற்றார்கள். துருவத்தருகே லாப்லாந்துக்குப் போன இன்னொரு பிரெஞ்சுக் குழு சீக்கிரம் அளந்து முடித்து, துருவம் தட்டைதான் என்று சொல்லிவிட்டது. இவர்கள் வேலை பாதியில் இருக்கும்போதே செய்தி வந்து சேர்ந்தது.

என்னைக் கேட்டால், தோற்றவர்கள் கண்டதுதான் பெரிது. 1738இல் சிம்பொராசோ மலைச்சரிவில் பூகே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். கொத்தனார் கையில் இருக்கும் அதே தூக்குக்குண்டுதான். மலை அதைத் தன் பக்கம் இழுத்தது. ஆனால் அவர் கணக்குப் போட்டதைவிட மிகக் குறைவாக. இவ்வளவு பெரிய மலைக்கு இவ்வளவுதான் பலமா? மலைக்கு அடியில் அடர்த்தி குறைந்த பாறை வேர்போல ஆழமாக இறங்கியிருக்கிறது என்ற விளக்கம் வர நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதைத் தூண்டியது இமயத்தருகே எடுத்த அளவுகளில் கண்ட முரண். அந்த இந்திய அளவைப் பணி 1802இல் தொடங்கிய இடம் நம் பரங்கிமலை. அங்கும் முதலில் அளந்த கோடு ஏறக்குறைய 12 கிலோமீட்டர்.

இன்றைய கீட்டோ 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பழைய நகரத்தின் செங்குத்துச் சந்துகளில் நான்கு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்குகூட இல்லை. தண்ணீர் 90 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகக் காத்திருக்க வேண்டும். 1605இல் தொடங்கி 1765இல் முடித்த லா கொம்பானியா தேவாலயத்துக்குள் சுவரெல்லாம் பொன்தகடு. 1978இல் யுனெஸ்கோ வெளியிட்ட முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே இந்த நகரம் இடம்பிடித்தது.

பூகே தூக்குக்குண்டைத் தொங்கவிட்ட சிம்பொராசோவின் உயரம் 6,263 மீட்டர்தான். ஆனால் பூமி இங்கே புடைத்திருப்பதால், பூமியின் மையத்திலிருந்து அளந்தால் அதன் உச்சி எவரெஸ்ட்டைவிட சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது.

கீட்டோவுக்கு வடக்கே நிலநடுக்கோட்டுப் பகுதியில் ஒரு வித்தை காட்டுவார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் தொட்டித் தண்ணீர் ஒரு திசையில் சுழலும், அந்தப் பக்கம் எதிர்த்திசையில் சுழலும். நம்ப வேண்டாம்; பூமிச் சுழற்சியின் விசை ஒரு தொட்டித் தண்ணீரைத் திருப்பப் போதாது, ஊற்றுகிறவர் கைதான் திருப்புகிறது. அருகிலேயே 30 மீட்டர் உயர நினைவுத்தூண், அதன் அடியில் மஞ்சள் கோடு. இரண்டு அரைக்கோளத்திலும் கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்ள அங்கே வரிசை நிற்கிறது. போனால் கைப்பேசியில் ஜிபிஎஸ்ஸைத் திறந்து பாருங்கள்: உண்மையான கோடு அங்கிருந்து சுமார் 240 மீட்டர் வடக்கே.