ஃபியோர்டு கோடை: சாலை தண்ணீருக்குள் இறங்கும் இடம்

நார்வேயின் பெர்கனில் விரைவுப் படகு ஏறி, சோக்னே ஃபியோர்டுக்குள் நுழைந்து, பாலஸ்ட்ரான்டில் இறங்கித் தங்குவது என்று போன வாரம் முடிவு செய்தோம்.

இந்த வாரம் கெய்ராங்கர் ஃபியோர்டு என்று சொல்லியிருந்தேன். அங்கே போகத்தான் போகிறோம். ஆனால் பாலஸ்ட்ரான்டிலிருந்து வடக்கே வழி தேடி வரைபடத்தை விரித்தபோது, சற்று மேற்கே லாவிக் என்ற சிற்றூரில் கண் நின்றுவிட்டது. ஒரு தேசிய நெடுஞ்சாலை அங்கே நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. எதிர்க்கரையில் ஓப்பெடாலில் அதே எண்ணோடு மேலே ஏறிப் போய்க்கொண்டே இருக்கிறது. நடுவில் பாலம் கிடையாது, சுரங்கம் கிடையாது. வரைபடத்தில் விட்டுவிட்டு ஓடும் ஒரு கோடு மட்டும்தான்.

அந்தச் சாலையின் பெயர் ஈ-39. தெற்கே கிறிஸ்டியான்சன்டில் புறப்பட்டு நார்வேயின் மேற்குக் கரையை ஒட்டியே ட்ரொண்ட்ஹெய்ம் வரைக்கும் சுமார் 1,100 கி.மீ. ஓடுகிறது. வழியில் 7 இடங்களில் இப்படித் தண்ணீரில் இறங்கி ஏறுகிறது. அந்த 7 இடங்களிலும் ஃபெர்ரிதான் சாலை. பேச்சுக்காகச் சொல்லவில்லை. தேசியச் சாலைகளில் வரும் ஃபெர்ரிகளுக்கு டெண்டர் விடுவதே நெடுஞ்சாலைத் துறைதான். எத்தனை நிமிடத்துக்கு ஒரு படகு, இரவு எத்தனை மணி வரை, எத்தனை கார் ஏற வேண்டும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கும். ஓடுவது தனியார் நிறுவனத்தின் படகு. ஆனால் அரசின் கணக்கில் அது சாலையின் ஒரு துண்டு.

பாலம் கட்டினால் என்ன என்று கேட்கத் தோன்றும். லாவிக் அருகே ஃபியோர்டின் ஆழம் 1,200 மீட்டருக்கும் மேல். எந்தத் தூணை எங்கே ஊன்றுவது? பனிக்காலங்களில் மேலிருந்து இறங்கிய பனியாறு பாறையைச் சுரண்டிச் சுரண்டி உண்டாக்கிய பள்ளம் இது. கடலை நெருங்க நெருங்கப் பனி பரந்து மெலிந்து வலுவிழந்ததால், ஃபியோர்டின் வாய்ப்பகுதி உள்ளே இருப்பதைவிடப் பல மடங்கு ஆழம் குறைந்தது. அதாவது கடலுக்குள் போகப்போக ஆழம் கூடுவதற்குப் பதிலாக இங்கே குறைகிறது. சோக்னே ஃபியோர்டின் அடி, அதிகபட்சமாக 1,300 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் மிதக்கும் குழாய்ச் சுரங்கம் ஒன்றைத் தொங்கவிட முடியுமா என்றுகூட நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். அது வரும்போது வரட்டும். நம் பயணத்துக்கு ஃபெர்ரிதான்.

இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து வைத்திருந்தது லாவிக் ஃபெர்ரியின் கதை. 2010 வாக்கில், இந்தத் துறைக்கு மாசில்லாத படகு யாராவது தர முடியுமா என்று நெடுஞ்சாலைத் துறை ஒரு போட்டி வைத்தது. நார்லெட் என்ற படகு நிறுவனமும், ஹார்டாங்கர் ஃபியோர்டுக் கரையில் ஓமாஸ்ட்ரான்ட் ஊரிலிருக்கும் ஃபியெல்ஸ்ட்ரான்ட் கப்பல் தளமும், சீமென்ஸும் சேர்ந்து ஒரு பதில் கொண்டுவந்தார்கள். அதுதான் 'ஆம்பியர்'. பேட்டரியில் மட்டுமே ஓடும் உலகின் முதல் பெரிய கார் ஃபெர்ரி. 80 மீட்டர் நீளம், 120 கார், 360 பயணிகள். எடை குறைய வேண்டும் என்பதற்காக உடல் முழுக்க அலுமினியம், அடியில் இரட்டை ஓடு. 2015-ல் சேவைக்கு வந்தது. கடக்க வேண்டிய தூரம் 5.7 கி.மீ., நேரம் 20 நிமிடம், ஒரு நாளைக்கு 34 நடை.

படகைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது கரையில் அவர்களுக்கு வந்த சிக்கல். நார்வேயில் மின்சாரத்துக்குப் பஞ்சமே இல்லை. பெரும்பங்கும் அருவியிலிருந்தும் மலையேரியிலிருந்தும் வரும் நீர்மின்சாரம். ஆனால் லாவிக் மாதிரி ஊருக்கு வரும் கம்பி மெலிந்தது. சில நூறு வீடுகளுக்கும் மாட்டுத் தொழுவங்களுக்கும் போட்ட லைன். கரையில் படகு நிற்பது 10 நிமிடம். அதற்குள் அடுத்த நடைக்கான மின்சாரத்தை உறிஞ்ச வேண்டும். அந்த லைனிலிருந்து நேராக உறிஞ்சினால் ஊரே இருண்டுவிடும். புதிய உயர் அழுத்த லைன் இழுக்கச் செலவும் ஆகும், காலமும் ஆகும். என்ன செய்தார்கள்? இரண்டு கரையிலும் தலா ஒரு பெரிய பேட்டரியை வைத்தார்கள். படகு அக்கரையில் இருக்கும் நேரமெல்லாம் இந்தக் கரைப் பேட்டரி மெல்லிய லைனிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பிக்கொண்டிருக்கும். படகு வந்ததும் மொத்தமாகக் கொட்டிவிடும். ஒல்லியான குழாயில் ராத்திரியெல்லாம் சொட்டும் தண்ணீரை மேல்நிலைத் தொட்டியில் பிடித்துவைத்துக் காலையில் தெருவுக்கே விடுகிறோமே, அதே கணக்குத்தான்.

அந்த 10 நிமிடத்தில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. சாதாரணமாக ஃபெர்ரி கரைதட்டியதும் கார்கள் இறங்கி ஏறும்வரை எஞ்சினை ஓடவிட்டுப் படகைக் கரையோடு அழுத்தியபடியே நிற்கும். டீசல் என்றால் அது வீண் புகை. பேட்டரி என்றால் சார்ஜ் ஏறும்போதே இறங்கவும் செய்யும். ஆகவே ஆம்பியருக்குக் கரையில் உறிஞ்சுப் பட்டைகள் வைத்தார்கள். படகு நெருங்கியதும் துறைமேடையிலிருந்து இரண்டு தட்டையான பட்டைகள் நீண்டு வந்து, அதன் அலுமினிய உடம்பில் பதிந்து, நடுவிலிருக்கும் காற்றை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கயிறு கிடையாது, கட்டுவதற்கு ஆளும் வேண்டாம். எஞ்சின் ஓய, சார்ஜர் இணைய, கார்கள் இறங்கும். ஆண்டுக்கு சுமார் 10 லட்சம் லிட்டர் டீசல் மிச்சம் என்று கணக்குச் சொன்னார்கள். அதன்பிறகு நார்வே முழுக்க மின்சார ஃபெர்ரிகள் பெருகிவிட்டன. நீங்கள் எந்தத் துறையில் ஏறினாலும் காரிலேயே உட்கார்ந்திருக்காதீர்கள். படகு கரை சேரும்போது மேல்தளத்தில் முன்பக்கம் போய் நின்று துறைமேடையைப் பாருங்கள். சார்ஜர் இறங்கி வரும் அந்த அரை நிமிடத்தைத் தவறவிடக் கூடாது.

பயணத் திட்டத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நிறைய. ஃபியோர்டு நாட்டுக்குப் புதிதாகப் போகிறவர்கள் இரண்டு வகைப் படகுகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஃபெர்ரி, ஃபியோர்டைக் குறுக்கே கடக்கும். பெரும்பாலும் அரைமணிக்குள் அக்கரை. முன்பதிவு தேவைப்படாது, வரிசையில் நின்றால் போதும். வண்டிக்குத்தான் கட்டணம், அதையும் எண் பலகையைக் கேமரா படித்து எடுத்துக்கொள்ளும். காரில்லாமல் நடந்து ஏறுகிறவர்கள் பல துறைகளில் இலவசமாகவே போகலாம். விரைவுப் படகு வேறு. அது ஃபியோர்டின் நீளவாக்கில் ஓடுவது. பெர்கனிலிருந்து பாலஸ்ட்ரான்டுக்குச் சுமார் 4 மணி நேரம், மேலும் ஒன்றரை மணி போல் போனால் ஃப்ளோம். கார் ஏற்றாது. ஃப்ளோம் வரைக்கும் கோடையில் மட்டும். ஒரு நாளைக்கு நடை மிகக் குறைவு, தவறவிட்டால் அன்றைய திட்டம் போச்சு. ஆகையால் முதலில் விரைவுப் படகின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரயில், அதன்பின் பஸ், எல்லாம் முடிந்தபின் விடுதி. விடுதியை முதலில் பதிவு செய்துவிட்டுப் படகைத் தேடுகிறவர்கள், பாதி நாளைத் துறைமேடைப் பெஞ்சில் கழிப்பார்கள். கால அட்டவணை ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் பழைய பயணக் குறிப்புகளில் உள்ள நேரத்தை நம்பவே வேண்டாம்.

ஃப்ளோம் ரயிலைப் பற்றி முன்பே எழுதிவிட்டேன். ஃப்ளோமிலிருந்து குட்வாங்கனுக்குப் போகும் படகு மட்டும் பாக்கி. நேரோய் ஃபியோர்டு வழியாகப் போகும், மிகக் குறுகிய இடத்தில் அகலம் 250 மீட்டர்தான். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இங்கே 2018 முதல் 'ஃபியூச்சர் ஆஃப் தி ஃபியோர்ட்ஸ்' என்ற முழு மின்சாரப் படகு ஓடுகிறது. மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து கீழ்த்தளத்திலிருந்து உச்சித்தளம் வரை வெளிப்புறமாகவே நடந்து ஏறும்படி கட்டியிருக்கிறார்கள். குட்வாங்கனிலும் அதே மெல்லிய லைன் பிரச்சினை. அங்கே ஒரு படி மேலே போய், பேட்டரியை மிதக்கும் மேடைக்குள்ளேயே வைத்துத் தண்ணீரில் விட்டுவிட்டார்கள். 20 நிமிடத்தில் படகு நிரம்பிவிடும். எஞ்சின் இரைச்சல் இல்லாததால் அருவிச் சத்தம் கேட்கிறது. டீசல் படகில் போனவர்களுக்கு இந்தப் பாக்கியம் வாய்த்திருக்காது. பாரம்பரியப் பட்டியலில் உள்ள ஃபியோர்டுகளுக்குள் சிறிய பயணிகள் கப்பல்கள் 2026 முதல் புகையில்லாமல்தான் வர வேண்டும் என்று சட்டம் செய்துவிட்டார்கள். 10,000 டன்னுக்கு மேற்பட்ட பெரிய உல்லாசக் கப்பல்களுக்கு மட்டும் 2032 வரை தவணை. அந்தத் தவணை எனக்கு உடன்பாடில்லை. குறுகிய பள்ளத்தாக்கில் புகை வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும், அதிகம் புகைவிடுவதும் அந்தப் பெரிய கப்பல்கள்தான்.

இனி வடக்கே. பாலஸ்ட்ரான்டிலிருந்து கெய்ராங்கருக்கு ஒரே மூச்சில் போய்விடலாம் என்றுதான் எல்லோரும் திட்டம் போடுகிறார்கள். நான் நடுவில் ஓர் ஊரைச் செருகுகிறேன், ஃப்யார்லான்ட். சோக்னேயின் ஒரு கிளை ஃபியோர்டின் கடைசி முனையில், ஐரோப்பியப் பெருநிலத்தின் மிகப்பெரிய பனியாறான யொஸ்டடால்ஸ்பிரேனின் காலடியில், சுமார் 300 பேர் வாழும் ஊர். 1986 வரைக்கும் வெளியுலகத்திலிருந்து இங்கே சாலை கிடையாது. நீராவிக் கப்பல் காலத்திலிருந்து பயணிகள் வந்து தங்கிய முண்டால் ஹோட்டல் 1891-லேயே திறந்தது. அவ்வளவு பேரும் படகில் வந்தவர்கள்தான். 1986-ல் மலையைக் குடைந்து 6 கி.மீ.க்கு மேல் நீளமான சுரங்கம் வெட்டி வடக்கே சாலை விட்டார்கள். திறந்துவைத்தவர் யார் தெரியுமா? அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் வால்டர் மாண்டேல். இரண்டே ஆண்டுக்கு முன் அதிபர் தேர்தலில் ரீகனிடம் 50 மாநிலங்களில் 49-ஐ இழந்தவர். அவருடைய முன்னோர் இந்த ஊரின் முண்டால் பகுதியிலிருந்து 19-ம் நூற்றாண்டில் கப்பலேறிப் போனவர்கள். அமெரிக்கா வரைக்கும் போய்ச் சேர முடிந்த குடும்பத்தின் ஊருக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து சாலை வந்து சேர அத்தனை காலம் ஆகியிருக்கிறது. தெற்கே சோக்ன்டால் பக்கம் வழி திறந்தது 1990களில்தான்.

சாலை வந்ததும் ஃபெர்ரி நின்றது. ஃபெர்ரி காத்திருப்பு அறையும் பழைய தொழுவங்களும் சும்மா கிடந்தன. அவற்றையெல்லாம் பழைய புத்தகக் கடைகளாக மாற்றி, 1990களின் நடுவில் 'நார்வேயின் புத்தக ஊர்' என்று அறிவித்துவிட்டார்கள். தெருவோரம் கூரை போட்ட மர அலமாரிகள் நிற்கின்றன. பக்கத்தில் ஆளில்லை, ஒரு பெட்டி மட்டும். புத்தகத்தை எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போகலாம். அலமாரிக்குப் பின்னே சில அடி தள்ளி ஃபியோர்டு. பனியாறு பாறையை மாவாக அரைத்து அனுப்புவதால் அந்தத் தண்ணீர் பால் கலந்த பச்சையாக இருக்கும். கடைகள் மே முதல் செப்டம்பர் நடுவரை. ஸ்வெர்ரே ஃபேன் வடிவமைத்த பனியாறு அருங்காட்சியகமும் இங்கேதான் இருக்கிறது, திறந்த ஆண்டு 1991. பாலஸ்ட்ரான்டிலிருந்து கோடையில் மட்டும் ஃப்யார்லான்டுக்குப் படகு விடுகிறார்கள். சாலையில் போவதென்றால் அதே அளவு நேரத்தில் போய்விடலாம், ஆனாலும் படகையே பிடியுங்கள். இந்த ஊர் முகம் காட்டி நிற்பது தண்ணீரைப் பார்த்துத்தான். சாலையில் வந்தால் முதுகுப்பக்கமாக நுழைவீர்கள். ஃப்ளோமில் தங்கத் திட்டமிட்டிருந்தால், அந்த இரவுகளில் ஒன்றை வெட்டி இங்கே போட்டுவிடுங்கள்.

ஃப்யார்லான்டிலிருந்து அந்த மாண்டேல் சுரங்கம் வழியாகப் பஸ் பிடித்தால் ஷெய் என்ற ஊரில் மறுபடியும் நம் ஈ-39. அங்கிருந்து ஸ்ட்ரீன், அதைத் தாண்டி ஹெல்லெசில்ட். ஹெல்லெசில்டில் ஏறும் கார் ஃபெர்ரி, நான் மேலே சொன்ன விதிக்கு விலக்கு. குறுக்கே கடக்காமல் கெய்ராங்கர் ஃபியோர்டின் நீளவாக்கிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும், ஏழு சகோதரிகள் அருவியை உரசாத குறையாக.

அந்தப் படகில் ஏறுமுன் ஒரு மலையைப் பற்றித் தெரிந்துகொண்டாக வேண்டும். ஓக்கர்நெஸ் என்று பெயர். அதன் சரிவில் ஒரு விரிசல் விழுந்து, ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர் அகன்றுகொண்டே இருக்கிறது. நிலவியலாளர்கள் இரவும் பகலும் கருவி வைத்துக் கண்காணிக்கிறார்கள். மலை மொத்தமாகச் சரிந்து விழுந்தால் கெய்ராங்கர் ஊருக்கு அலை வந்து சேரச் சுமார் 10 நிமிடம்தான். 1934-ல் பக்கத்து டாஃபியோர்டில் இப்படி ஒரு பாறைச் சரிவு எழுப்பிய அலையில் 40 பேர் இறந்திருக்கிறார்கள். செங்குத்துப் பாறையில் தொங்கிய பண்ணைவீடுகள், 1955-ல் திறந்த கழுகுப் பாதையின் 11 கொண்டை ஊசி வளைவுகள், உல்லாசக் கப்பல் கூட்டம் இறங்குமுன் ஊரை எப்படிப் பார்ப்பது, எல்லாம் அடுத்த வாரம். அதற்குள் ஒரு வேலை செய்துவையுங்கள். ஜூலையில் போவதாக இருந்தால், படகு நேரத்தைக் குறித்த கையோடு பாலஸ்ட்ரான்ட், ஃப்யார்லான்ட் அறைகளையும் இப்போதே பாருங்கள், இரண்டும் சின்ன ஊர், அறைகள் கொஞ்சம்தான். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அந்தப் படிவத்தில் தங்குமிடப் பட்டியல் கேட்பார்கள்.

(தொடரும்)