மின்கலத்தின் மூப்பும் மின்னேற்றும் முறையும்

மூப்பு என்பது உயிர்ப்பொருளுக்கே உரியதன்று. மின்கலத்திற்கும் அஃது உண்டு. அதனைத் தடுத்தல் இயலாது, தாழ்த்தல் இயலும். எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இலங்கையில் மின்மோட்டார் வண்டிகள் 2014, 2015ஆம் ஆண்டுகளையொட்டிப் பெருகலாயின. அவற்றுட் பல, யப்பானில் ஓடியபின் இங்கு வந்த நிசான் லீஃப் வண்டிகளாம். 2010இல் விற்பனைக்கு வந்த அவ்வண்டியின் கலத்தொகுதி 24 கிலோவாற்று மணி கொண்டது. அதனைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு இல்லை. 2012இல் அமெரிக்காவின் அரிசோனா மாநில வெப்பத்தில் அதன் கொள்ளளவு விரைந்து குன்றியதாக உரிமையாளர் முறையிட்டனர். பகல் வெப்பம் 30 பாகையைக் கடக்கும் மட்டக்களப்புப் பகுதிக்கும் இச்செய்தி பொருந்தும்.

புதிய லீஃப் வண்டி ஒருமுறை மின்னேற்றினால் 117 கிலோமீற்றர் ஓடும் என்பது அமெரிக்க அரசின் மதிப்பீடு. படுவான்கரை மண்டூரிலிருந்து மட்டக்களப்பு நகருக்குத் தரைவழியே சென்று மீள ஏறக்குறைய 70 முதல் 80 கிலோமீற்றர் ஆகும். கொள்ளளவில் மூன்றிலொரு பங்கு குன்றினால் எஞ்சுவது 78 கிலோமீற்றரே. அந்நிலையில் வீடு திரும்புதலே ஐயத்துக்குரியதாகும். புதிய கலத்தொகுதியின் விலையோ பெரிது.

இனி மூப்பின் காரணத்தைக் காண்பாம். இலிதியம் அயன் கலத்தின் எதிர்மின்வாய் பெரும்பாலும் காரீயத்தால் ஆயது. நம் நாட்டுப் பொகல, கஹட்டகஹ சுரங்கங்களில் அகழப்படுவதும் காரீயமே. மின்னேற்றுங்கால் இலிதியம் நேர்மின்வாயை விட்டுக் காரீயத்தினுட் புகும். காரீயத்தின் மேற்பரப்பில் மெல்லிய படலமொன்று உண்டு. அது தடிக்குந்தோறும் பயன்படு இலிதியத்தைச் சிறிது சிறிதாக விழுங்கும். கலம் நிறைந்திருக்கும்போது அழுத்தம் மிகுதலால் இத்தகைய பக்கத் தாக்கங்கள் விரையும். வெப்பம் அவற்றை மேலும் விரைவிக்கும். ஆதலின் நிறைவும் வெப்பமும் ஒருங்கு கூடுதலே பெருந்தீங்கு.

இதனின்றும் நாம் கைக்கொள்ளத்தக்க நெறிகள் வருமாறு:

முதலாவது, அன்றாடத் தேவைக்கு நூற்றுக்கு 80 வீதம்வரை ஏற்றுதல் போதும். 20 வீதத்தின்கீழ் இறங்கவிடாமை நன்று. இரண்டாவது, நீண்ட பயணத்துக்கு முழுதும் ஏற்றலாம். ஆயின் புறப்படுமுன் ஏற்றம் முடியுமாறு காலத்தை வகுத்தல் வேண்டும். நிறைந்த கலத்துடன் வண்டியை வெயிலில் நாட்கணக்காக நிறுத்தலாகாது. மூன்றாவது, நண்பகற் பயணம் முடிந்தவுடன் ஏற்றாது, கலம் ஆறியபின் இரவின் பிற்பகுதியில் மெல்ல ஏற்றுக. நான்காவது, விரைவேற்றம் வெப்பத்தை மிகுவிக்கும். அதனை இன்றியமையாத போதே நாடுக. ஐந்தாவது, வண்டியைப் பலநாள் ஓட்டாது விடின் பாதியளவு ஏற்றி நிழலில் நிறுத்துக.

இலிதியம் இரும்புப் பொசுபேற்றுக் கலங்களுக்கு ஒரு வேறுபாடு உண்டு. அவற்றின் இருப்பளவைக் கருவி செவ்வனே கணிக்க, இடையிடையே முழுதும் ஏற்றுமாறு தயாரிப்பாளர் கூறுவர். எனவே தத்தம் வண்டியின் கைந்நூலை முதற்கண் நோக்குதல் முறையாகும்.

இந்நெறிகளுக்குப் பொருட்செலவு இல்லை, வேண்டுவது ஒழுங்கே. நாடோறும் பேணும் சிறிய ஒழுங்கு, பெருவிலைப் பொருளின் ஆயுளைச் சில ஆண்டுகள் நீட்டுமாயின், அது நல்ல ஊதியமன்றோ?