மழை... மனைவி... ரூட் 66!

'அமெரிக்காவில் ரோடெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும்' என்று லீவில் வரும் மாப்பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் சொல்வது 'இன்டர்ஸ்டேட்' என்கிற பெருஞ்சாலைகளை. நான் சொல்லப்போவது, அந்தப் பெருஞ்சாலைகள் வந்ததால் வேலை போன ஒரு கிழட்டு ரோட்டைப் பற்றி.

பெயர், ரூட் 66. பிறந்த தேதி 1926 நவம்பர் 11. சர்க்கார் கணக்குப்படி 'காலமானது' 1985 ஜூனில். ஆனாலும் உலகம் பூராவிலிருந்தும் ஆட்கள் அதைத் தேடிப் போகிறார்கள். ஒரு ஆகஸ்ட் மாதம் நானும் என் மனைவியும் போனோம். பத்து நாள், வாடகை மோட்டார் சைக்கிளில். அதில் ஏழு நாள் மழை!

'மழை, பைக், பின்னால் மனைவி' என்றதும் உங்கள் மனசுக்குள் ஒரு டூயட் ஓடுமே? உடனே நிறுத்துங்கள் சார். தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் மழைத்துளி ஊசி மாதிரி குத்தும். ரெயின்கோட்டுக்குள் இரண்டு பேரும் நனைந்த மூட்டை மாதிரி உட்கார்ந்திருப்போம். ஹெல்மெட்டைத் தாண்டிப் பேச்சு கேட்காது. அதனால் முதல் நாளே ஓர் உடன்படிக்கை. முதுகில் ஒரு குத்து என்றால் 'மெதுவா'. இரண்டு குத்து, 'டீ'. மூன்று குத்து, 'நிறுத்துங்க, இப்பவே!'

ரோட்டின் ஜாதகம்

சிகாகோவில் ஆரம்பித்து, எட்டு மாநிலங்களைக் கடந்து, கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா கடற்கரை வரை 2,448 மைல். அதாவது சுமார் 3,940 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் போகிற தூரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம்.

1930-களில் மழை பொய்த்து, வயல் மண்ணெல்லாம் புழுதிப் புயலாகப் பறந்தபோது, ஓக்லஹாமா விவசாயிகள் சட்டி பானையோடு பிழைப்பு தேடி மேற்கே போனது இந்த வழியில்தான். ஜான் ஸ்டெய்ன்பெக் 1939-ல் தன் நாவலில் இதற்கு 'தாய்ச் சாலை' என்று பெயர் வைத்தார். அவர்கள் போனது மழை இல்லாமல். நாங்கள் போனது மழையோடு மழையாக!

1946-ல் பாபி ட்ரூப் என்ற பாடலாசிரியர் மனைவி சிந்தியாவோடு காரில் கலிஃபோர்னியாவுக்குப் போனார். போகிற வழியிலேயே இந்த ரோட்டைப் பற்றி ஒரு பாட்டு எழுத ஆரம்பித்தார். பாட்டின் தலைப்பைச் சொன்னது சிந்தியா. (இதை என் மனைவி என்னிடம் நான்கு தடவை ஞாபகப்படுத்தினாள்.) அதே வருஷம் நாட் கிங் கோல் பாடி ரோட்டையே பிரபலமாக்கினார். அவர் கறுப்பினப் பாடகர். அந்த நாளில் இந்த ரோட்டோர ஓட்டல்கள் பலவற்றில் கறுப்பர்களுக்கு ரூம் கிடையாது. எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று சொல்வதற்காகவே 1936 முதல் 'கிரீன் புக்' என்று ஒரு கையேடு அவர்களுக்காக வந்துகொண்டிருந்தது. பாட்டில் அந்த விஷயம் வராது.

பிறகு 1956-ல் இன்டர்ஸ்டேட் சட்டம் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து பெருஞ்சாலைகள் சேர்ந்து ரூட் 66-ன் வேலையைப் பிடுங்கிக்கொண்டன. பி.காம். பாஷையில் சொன்னால், தேய்மானம் முழுக்கக் கழித்து, புத்தக மதிப்பு பூஜ்யம் என்று எழுதித் தள்ளப்பட்ட சொத்து. ஆனால் அதே கணக்குப் புத்தகத்தில் 'குட்வில்' என்று இன்னொரு இனம் உண்டே! அதை எந்த இன்ஜினீயரும் மதிப்புப் போடவில்லை.

கல்யாண நாள் திமிங்கலம்

ஓக்லஹாமாவின் டல்சாவில் வண்டியை எடுத்தோம். பக்கத்தில் கட்டூசா என்ற ஊரில் ஒரு குளம். அதில் எண்பது அடி நீளத்துக்கு நீலத் திமிங்கலம், சிமென்ட்டில்! ஹியூ டேவிஸ் என்பவர் தன் மனைவி ஸெல்டாவுக்குக் கல்யாண நாள் பரிசாகக் கட்டி 1972-ல் முடித்தது. அந்த அம்மாள் சின்னச் சின்னத் திமிங்கல பொம்மைகள் சேர்ப்பவராம்.

மழை வலுக்கவே திமிங்கலத்தின் வாய்க்குள் ஒதுங்கினோம். என் மனைவி அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "போன கல்யாண நாளுக்கு நீங்க எனக்கு என்னங்க வாங்கிக் கொடுத்தீங்க?"

"மிக்ஸி."

"அதுல பாதி மாவு உங்க தோசைக்குத்தான் அரைச்சேன்."

மழை நிற்கும்வரை திமிங்கலத்தைப் பற்றி நான் வேறெதுவும் பேசவில்லை.

இஞ்சி டீ

டெக்ஸாஸில் ஏட்ரியன் என்ற குட்டி ஊர்தான் ரூட் 66-க்கு நடுமத்தி. சிகாகோவுக்கு 1,139 மைல், லாஸ் ஏஞ்சலீஸுக்கும் அதே 1,139 மைல் என்று போர்டு. போட்டோ எடுத்துக்கொண்டு நியூமெக்சிகோவுக்குள் நுழைந்தால் இடி, மின்னல். காரில் இருப்பவனுக்குச் சுற்றிலும் தகரம் உண்டு. பைக்காரனுக்கு என்ன இருக்கிறது? கண்ணில் பட்ட முதல் மோட்டலில் நுழைந்தோம்.

கவுன்ட்டரில் ஒரு குஜராத்தி அம்மாள்! எங்கள் கோலத்தைப் பார்த்ததும் பதிவு நோட்டைக்கூட நீட்டவில்லை. உள்ளே போய் இஞ்சி தட்டிப் போட்ட டீயோடு வந்தார். நாங்கள் அதிசயப்பட்டோம். அதிசயப்பட ஒன்றுமில்லை. பெருஞ்சாலை வந்ததும் வியாபாரம் படுத்த ரோட்டோர மோட்டல்களை, எழுபது எண்பதுகளில் குடும்பத்தோடு உழைக்கத் தயாராக வந்து வாங்கியவர்களில் குஜராத்திகள் ஏராளம். போட்டிக்காரர்கள் சிலர் 'இது அமெரிக்கருடைய மோட்டல்' என்று வாசலில் போர்டு மாட்டி வாடிக்கையாளரை இழுத்துப் பார்த்தார்கள். இன்று அமெரிக்க ஓட்டல்களில் பாதிக்கு மேல் இந்திய வம்சாவளியினர் கையில்.

அந்த அம்மாள் ஹிந்தியில் சொன்னார்: "பையன் டல்லாஸ்ல கம்ப்யூட்டர் வேலையில இருக்கான். 'வித்துட்டு வந்துடும்மா'ங்கறான். வித்துட்டா, உங்களை மாதிரி நனைஞ்சு வர்றவங்க எங்கே போவாங்க?"

மறுநாள் பில்லில் டீக்குக் காசு போடவில்லை.

தேதி மறக்காத சலூன்காரர்

அரிசோனாவில் செலிக்மன். பக்கத்தில் இன்டர்ஸ்டேட் திறந்த நாள், 1978 செப்டம்பர் 22. விடிந்தால் பொழுது போனால் ஓயாமல் ஓடிய போக்குவரத்து அந்த ஒரே நாளில் நின்றுபோனது. கடைகள் மூடின. ஜனங்கள் ஊரைக் காலி செய்தார்கள்.

ஏஞ்சல் டெல்கடில்லோ என்ற சலூன்காரர் மட்டும் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. இன்னும் சிலரைச் சேர்த்துக்கொண்டு 1987-ல் ஒரு சங்கம் ஆரம்பித்தார். மாநில அரசை விடாமல் நச்சரித்து, அதே வருஷம் இந்தப் பகுதியை 'சரித்திரச் சாலை' என்று அறிவிக்க வைத்தார். மற்ற மாநிலங்களும் அந்த வழிக்கு வந்தன. 2006-ல் வந்த 'கார்ஸ்' படத்தில் வெறிச்சோடிக் கிடக்கும் ஊர் இருக்கிறதே, அதற்கு முன்மாதிரி செலிக்மன் மாதிரி ஊர்கள்தான். இப்போது அந்த சலூன் வாசலில் டூரிஸ்ட் பஸ் நிற்கிறது.

மூன்று குத்து

அரிசோனாக்காரர்களும் மழைக்காலத்தை 'மான்சூன்' என்றுதான் சொல்கிறார்கள்! ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை. பாலைவனத் தரை தண்ணீரைச் சட்டென்று குடிக்காது. எங்கோ மலையில் பெய்தது, வெயில் அடிக்கிற இடத்தில் வெள்ளமாக வந்து நிற்கும்.

பீச் ஸ்பிரிங்ஸ் தாண்டியதும் ரோடு ஒரு பள்ளத்தில் இறங்கியது. குறுக்கே செம்மண் நிறத்தில் தண்ணீர். அகலம் ஒரு பஸ் நீளம் இருக்கும். ஆழம் எவ்வளவு என்று நான் கணக்குப் போட ஆரம்பிக்குமுன் முதுகில் மூன்று குத்து. இன்ஜினை அணைத்தேன்.

ஓடுகிற தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும். ஓர் அடி இருந்தால் காரையே நகர்த்தும். தடுப்பு வைத்த பிறகும் வெள்ளத்தில் வண்டியை இறக்கி மாட்டிக்கொண்டால், மீட்கிற செலவை அவரிடமே வசூலிக்க அரிசோனாவில் 1995 முதல் சட்டம் இருக்கிறது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர், 'முட்டாள் டிரைவர் சட்டம்'!

பின்னால் ஒரு பிக்கப் வந்து நின்றது. அப்புறம் இன்னும் நாலு வண்டி. இரண்டு மணி நேரம். யாரோ பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார்கள். என் மனைவி முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள். தண்ணீர் வடிந்ததும் பார்த்தால், வலது ஓரத்தில் இரண்டடி அகலத்துக்குத் தாரைக் காணோம். நாங்கள் போயிருந்தால் சக்கரம் உருண்டிருக்க வேண்டிய இடம். இருவரும் பேசவில்லை. அவள் என் தோளில் வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

இன்டர்ஸ்டேட்டில் போயிருந்தால் பாலத்தின் மேலே அரை நிமிஷத்தில் கடந்திருப்போம். திமிங்கலமும் தெரிந்திருக்காது, டீயும் கிடைத்திருக்காது. போகிறவர்களுக்காகப் போட்டது பெருஞ்சாலை. நிற்கிறவர்களால் பிழைத்திருப்பது ரூட் 66. யாராவது நின்று ஒரு ராத்திரி தங்கி, ஒரு வாய் சாப்பிட்டால்தான் அந்த ஊர்களுக்கு அடுத்த வருஷம் உண்டு. 2026 நவம்பர் 11 அந்த ரோட்டுக்கு நூறாவது பிறந்த நாள்.

மழையில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு, அமெரிக்காவானாலும் ஆற்காடு ரோடானாலும், சில வார்த்தை. மழை ஆரம்பித்த முதல் பத்துப் பதினைந்து நிமிஷம் ரொம்ப ஜாக்கிரதை. ரோட்டில் ஊறிய எண்ணெய் மேலே மிதக்கும். வெள்ளைக் கோடும், விரிசலுக்குப் பூசிய தாரும் ஈரத்தில் வாழைப்பழத் தோல். முன் வண்டிக்கு இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள். பின்னால் இருப்பவர் மூன்று குத்து குத்தினால், ஏன் எதற்கு என்று கேட்காமல் நிறுத்துங்கள். விசாரணையை டீக்கடையில் வைத்துக்கொள்ளலாம்.