சரிந்த மண்டபம், சரியாத படம்

தாமஸ் டேனியல் என்பவர் இங்கிலாந்து நாட்டு ஓவியர். வில்லியம் என்பவர் அவருடைய உடன்பிறந்தார் மகன். இருவரும் 1786-ம் ஆண்டு கல்கத்தாவில் வந்து இறங்கினார்கள். ஊர் ஊராகச் சென்று, பழைய கட்டிடங்களைப் படமாக வரைந்தார்கள்.

இருட்டுப் பெட்டி

அப்போது புகைப்படம் கிடையாது. அவர்களிடம் ஓர் இருட்டுப் பெட்டி இருந்தது. எதிரே உள்ள கட்டிடத்தின் உருவம், கண்ணாடி வில்லை வழியாகப் பெட்டியில் உள்ள காகிதத்தில் விழும். அதன் மேலேயே பென்சிலால் கோடு போடுவார்கள். அளவு பிசகாது.

1789-ல் ஆக்ராவில் தாஜ்மகாலை வரைந்தார்கள். பிறகு டெல்லிக்குப் போய்க் குதுப்மினாரை வரைந்தார்கள். அந்தக் கோபுரத்தின் உச்சியில் அன்று ஒரு சிறு மண்டபம் இருந்தது. 1803-ல் நிலம் நடுங்கியது. மண்டபம் சரிந்து விழுந்தது! இன்று அதைக் குதுப்மினாரில் காண முடியாது. டேனியல் படத்தில் காணலாம்.

1792-ல் இருவரும் சென்னைக்கும் வந்தார்கள். அவர்களுடைய 144 இந்தியப் படங்கள் 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளியாயின.

நம் பக்கத்தில்

திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டிலும் பழைய பள்ளிவாசல்கள் இருக்கின்றன. விடுமுறை நாளில் குழந்தைகளை அழைத்துப் போங்கள். கையில் பென்சிலும் காகிதமும் கொடுங்கள். இன்று அவர்கள் வரைவது நாளை ஊருக்கே உதவும்.