ஓய்வூதியத்துக்குள் அடங்கும் ஊர்

சென்னையின் மேற்குப் புறநகர் பெரும்பாலும் தொழிற்சாலைகளைச் சுற்றி வளர்ந்த பகுதியாகும். 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் தொடங்கப்பட்ட பின்னர், வேலை தேடி வந்து கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி, பூந்தமல்லி என்று குடியேறிய குடும்பங்கள் இரண்டு தலைமுறைகளைக் கடந்துவிட்டன. அன்று வயலும் ஏரிக்கரையுமாக இருந்த இடங்கள் இன்று மாநகரின் விலைவாசிக்கு வந்துவிட்ட நிலையில், பணி ஓய்வு பெறும் தொழிலாளிக்கு, வாழ்ந்து பழகிய இதே இடத்தில் வாடகை கொடுத்துக் கடைசிவரை இருக்க இயலுமா, இயலாதெனில் எங்கே போவது என்ற கேள்வி தவிர்க்க முடியாததாகிறது. இதற்கான விடை வீட்டு வாடகையை மட்டும் பார்த்துக் கிடைப்பதில்லை. வருமானம் எத்தகையது என்பதிலிருந்தே கணக்கைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஒரே தெருவில் வசிக்கும் இருவர் ஒரே ஆண்டில் ஓய்வு பெற்றாலும் அவர்களுடைய முதுமை ஒரே மாதிரியானதாக இருப்பதில்லை. ஆவடியின் பாதுகாப்புத் துறை ஆலைகளில் 2004-ஆம் ஆண்டுக்கு முன் சேர்ந்தவர் மத்திய அரசின் பழைய ஓய்வூதியத்துக்கு உரியவர். அவருடைய ஓய்வூதியத்தோடு விலைவாசிக்கு ஏற்பத் திருத்தப்படும் அகவிலை நிவாரணமும் சேர்வதால், பருப்பு விலை ஏறும்போது வருமானமும் பின்தங்கியாவது ஏறிவிடுகிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் தனியார் பட்டறையிலோ ஆலையிலோ உழைத்தவருக்குக் கிடைப்பது, 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின்படியான தொகை, அதாவது பேச்சு வழக்கில் பி.எஃப். பென்ஷன் என்று சொல்லப்படுவது. ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பது இத்திட்டத்தின் சூத்திரம். இதற்கான சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பரில் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 20 ஆண்டுகள் பணியாற்றியவருக்குக் கூடுதலாக 2 ஆண்டுகள் சேர்த்துக் கணக்கிடப்படும். இதன்படி 30 ஆண்டுகள் உழைத்தவருக்கு, உச்சவரம்பு முழுவதையும் எடுத்துக்கொண்டால்கூட, மாதம் 6,857 ரூபாய்தான் வரும். 2014-க்கு முந்தைய பணிக்காலத்துக்கு 6,500 ரூபாய் என்ற பழைய வரம்பே பொருந்துவதால் கையில் கிடைப்பது பெரும்பாலும் இதைவிடக் குறைவு. திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய்.

தொகை சிறியது என்பதைக் காட்டிலும், அது அகவிலையோடு ஏறாது என்பதே பெரிய இடர். 58 வயதில் நிர்ணயிக்கப்பட்ட எண் 78 வயதிலும் பாஸ்புத்தகத்தில் அப்படியே நிற்கும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்வதாகக் கொண்டால் ஏறக்குறைய 12 ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகிவிடும். ஆகவே இன்றைக்குக் கட்டுப்படியாகும் ஊர் எது என்று கேட்பவர் பாதிக் கணக்கோடு நின்றுவிடுகிறார். எந்த ஊரில் பெருஞ்செலவுகள் காலப்போக்கில் ஏறாமல் இருக்கும், எந்த ஊரில் அரசின் சேவைகள் நடக்கும் தூரத்தில் கிடைக்கும் என்பதே பி.எஃப். பென்ஷன்தாரர் கேட்க வேண்டியது.

இக்குறையை ஈடுசெய்ய அவரிடம் இருப்பது பி.எஃப். இருப்பும் பணிக்கொடையும் சேர்ந்த மொத்தத் தொகை. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில், அதாவது அஞ்சலகங்களிலும் வங்கிகளிலும் 60 வயது நிறைந்தவர் தொடங்கக்கூடிய ஐந்தாண்டு வைப்பில், முதலீட்டு வரம்பு 2023-இல் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாகவும் வட்டி 8.2 சதவீதமாகவும் உயர்ந்தன. வேலையிலிருந்து முறையாக ஓய்வு பெற்றவர்கள் 55 வயதிலிருந்தே, பணப்பயன் கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் இதில் சேரலாம். இந்த வட்டிவீதத்தில் 10 லட்ச ரூபாய் மூன்று மாதத்துக்கு 20,500 ரூபாயைத் தரும். அம்பத்தூர்த் தொழிலாளியின் முதுமைக்கால வருமானத்தில் பென்ஷனைவிடப் பெரிய பங்கு இந்த வட்டியே என்பதால், மொத்தத் தொகையைக் கரைக்கும் எந்த ஏற்பாட்டையும் ஐயத்தோடு பார்ப்பது நல்லது.

அத்தகைய ஏற்பாடுகளில் இப்பகுதியில் மிகப் பரவலானது லீஸ் எனப்படும் போக்கிய முறை. வீட்டுக்காரருக்கு ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது அத்தொகையை அப்படியே திரும்பப் பெறுவது இதன் நடைமுறை. வாடகையே இல்லை என்று தோன்றினாலும் இழந்த வட்டியே இங்கு வாடகை. 10 லட்சம் கொடுத்து லீஸுக்குப் போகிறவர் மாதம் ஏறத்தாழ 6,833 ரூபாய் வட்டியை விட்டுக்கொடுக்கிறார். அதே வீட்டின் வாடகை 9,000 ரூபாயாக இருந்தால் லீஸ் லாபம்; 6,000 ரூபாயாக இருந்தால் நஷ்டம். கணக்கில் லாபம் வந்தாலும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. வீட்டின்மேல் வங்கிக் கடன் இருந்து, உரிமையாளர் தவணை கட்டத் தவறினால், வங்கியின் உரிமையே முன்னிற்கும். பதினோரு மாதம் என்று எழுதி, பதிவு செய்யாமல் விட்ட முத்திரைத்தாள் ஒப்பந்தம் அப்போது பெரிய துணையாக இராது. எனவே சொத்தின் மீதான பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் பார்த்து, அடமானம் எதுவும் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, ஒப்பந்தத்தைப் பதிவு செய்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். பதிவுக்கு இணங்காத உரிமையாளரின் வீடு எவ்வளவு வசதியாக இருந்தாலும் ஓய்வுக்காலத் தொகையை அங்கே வைப்பது தகாது. வாடகைக்குப் போகிறவருக்கும் ஒரு சிறு கணக்கு உண்டு: வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை, ஒரே இணைப்பிலிருந்து உள்மீட்டர் வைத்துப் பல போர்ஷன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வீடுகளில் குடியிருப்பவருக்கு வந்து சேருவது அரிது.

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது மேற்குப் புறநகருக்கு இயற்கையான அளவுகோலாக அமைவது ரயில் பாதை. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சென்ற இதே தடத்தில், அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, புட்லூர், திருவள்ளூர் என்று புறநகர் ரயில் நிலையங்கள் வரிசையாக அமைந்துள்ளன. கட்டணம் 5 ரூபாயில் தொடங்குகிறது. 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த அம்பத்தூரிலிருந்து மேற்கே செல்லச் செல்ல மனை விலையும் வாடகையும் பொதுவாக இறங்குகின்றன. ஆயினும் இந்த இறக்கம் நிலையானதன்று. ஆவடி 2019-இல் மாநகராட்சியாயிற்று. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. தகவல் தொழில்நுட்ப அலுவலகம் வரும் இடத்தில் இளம் ஊழியர்களின் தேவை வாடகையை ஏற்றிவிடும் என்பதற்குச் சென்னையின் தெற்குப் பகுதியே சான்று. அதனால் வாடகைக்கு இருக்கப் போகிற ஓய்வூதியருக்குப் பட்டாபிராமைவிடத் திருநின்றவூரும் வேப்பம்பட்டும், அரசு மருத்துவமனையை முதன்மையாகக் கருதுபவருக்குத் திருவள்ளூரும் பொருத்தமானவை. சொந்த வீடு உள்ளவருக்கோ இந்த விலையேற்றமே ஆதாயம்.

பூந்தமல்லியின் நிலை வேறு. அங்கு புறநகர் ரயில் இல்லை. பேருந்தை நம்பிய ஊராகவே நெடுங்காலம் இருந்துவந்தது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலை வரை ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நீளும் மெட்ரோ வழித்தடத்தின் பணிகளும், 2025-இல் பூந்தமல்லிப் பகுதியில் நடந்த சோதனை ஓட்டமும் அதன் மதிப்பை உயர்த்திவிட்டன. மெட்ரோவுக்காகக் கூடுதல் வாடகை கொடுப்பது அன்றாடம் நகருக்குள் வேலைக்குப் போகிறவருக்குப் பொருளுள்ள செலவு. மாதம் ஒருமுறை மருந்து வாங்கப் போகிறவர், தாம் பயன்படுத்தாத வசதிக்கு விலை கொடுப்பவராகிறார்.

மருத்துவமே இந்தத் தேர்வின் மையம். தொழிலாளர் அரசுக் காப்பீடாகிய இ.எஸ்.ஐ.யில் குறைந்தது ஐந்தாண்டுகள் இருந்து, வயது மூப்பால் ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு வெறும் 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் வாழ்க்கைத் துணைக்கும் மருத்துவ உதவியைத் தொடர்ந்து பெறலாம். இந்த உரிமையைப் பலர் ஓய்வு பெற்ற நாளிலேயே மறந்துவிடுகிறார்கள். அம்பத்தூரின் மருந்தகத்தையும் அயனாவரத்தின் இ.எஸ்.ஐ. மருத்துவமனையையும் கைவிட்டு, இ.எஸ்.ஐ. இல்லாத ஊருக்குக் குடிபெயர்ந்த பின்னர் ஒரு மாத மருந்துச் செலவிலேயே வாடகையில் மிச்சமானதை இழக்கிறார்கள். இதற்கு அடுத்த அடுக்கில் 2022 ஜனவரியில் கல்லூரியாகத் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும், 2024-இல் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் தொடங்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் உள்ளன. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியே இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்குமான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரையிலான மருத்துவக் காப்பீட்டை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது.

மலிவான வீடு ஏன் மலிவாக இருக்கிறது என்று கேட்க மறந்தவர்களுக்கு மழைக்காலம் விடை சொல்லிவிடும். ஏரிகளும் அவற்றின் உபரிநீர்க் கால்வாய்களும் நிறைந்த நிலம் இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடி, பட்டாபிராம் பகுதிகளின் தாழ்வான தெருக்களும் நீரில் மூழ்கின. முதியவருக்கு இங்கே ஓர் உண்மையான இக்கட்டு உள்ளது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மாடி வீடு முழங்காலுக்கு ஆகாது. தரைத்தள வீடோ வெள்ளத்துக்கு ஆகாது. சாலையை மீண்டும் மீண்டும் உயர்த்திப் போட்டதால் பல பழைய வீடுகளின் வாசல் தெருமட்டத்துக்குக் கீழே போய்விட்டதை இப்பகுதியில் எங்கும் காணலாம். தெருவைவிடத் தளம் உயர்ந்திருக்கிறதா, 2015 வெள்ளத்திலும் 2023-இலும் தண்ணீர் எதுவரை நின்றது என்பதைத் தரகரிடம் கேட்பதைவிட எதிர்வீட்டிலும் மளிகைக்கடையிலும் கேட்பது பயன் தரும். கோடையில் அதே தெருவில் குழாய்த் தண்ணீர் வருகிறதா, லாரித் தண்ணீரும் கேன் தண்ணீருமே கதியா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

சொந்த ஊருக்குத் திரும்புவது பலருடைய நெடுநாள் எண்ணம். அங்கே வீடும் உறவும் இருந்தால் அது சிறந்த வழியே. 2025 தொடக்கத்திலிருந்து பி.எஃப். பென்ஷனை நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் பெற முடிகிறது. ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்வாழ் சான்றையும் கைப்பேசியிலேயே அளிக்கலாம் என்பதால் அலுவலகத்துக்கு அலையும் தேவை ஒரு தடையாக இல்லை. ஆனால் நாற்பது ஆண்டுகள் கழித்துத் திரும்புகிறவருக்குத் தெரிந்தவர்கள் ஊரில் குறைந்துபோயிருப்பார்கள். பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் ஆவடியிலேயே இருப்பார்கள்.

இவை எல்லாவற்றையும் தம்பதியரில் ஒருவர் மட்டும் எஞ்சும் காலத்தை வைத்தும் சோதித்துப் பார்க்க வேண்டும். பி.எஃப். பென்ஷனில் கணவரை இழந்த மனைவிக்குக் கிடைப்பது பொதுவாகப் பாதித் தொகையே. அவர் தனியாக வாழப் போகும் ஊரில் ரேஷன் கடை, வங்கி, மருந்துக்கடை ஆகியவை நடந்து செல்லும் தூரத்தில் இருக்கின்றனவா, பெண்களுக்குக் கட்டணமில்லாத சாதாரண நகரப் பேருந்து அந்தத் தெருமுனைக்கு வருகிறதா, ரயில் நிலையத்தின் எந்தப் பக்கத்தில் வீடு இருந்தால் மேம்பாலப் படிகளைத் தவிர்க்கலாம் என்பவை வாடகையைவிட முக்கியமாகிவிடுகின்றன. சொந்த வீடு இருந்தால் இன்னொரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. பிள்ளைகளின் பெயருக்கு வீட்டைத் தான செட்டில்மென்ட்டாக எழுதிக் கொடுப்பவர்கள், இருவரும் வாழும் காலம்வரை குடியிருக்கும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொள்வதாகப் பத்திரத்தில் எழுத வேண்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவு, பராமரிப்பதாக நிபந்தனையேற்றுச் சொத்தைப் பெற்றவர் அதை மீறினால் அந்த மாற்றத்தைச் செல்லாததாக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. அந்த நிபந்தனை பத்திரத்திலேயே தெளிவாக எழுதப்பட்டிருந்தால், வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தின் முன் வயதான தாய் தன் தரப்பை நிரூபிப்பது எளிதாகும்.