காந்தம் எதை இழுக்கிறது? குழந்தைக் கல்வியில் ஒரு கிறிஸ்தவப் பார்வை

இரும்பைத் தன்பால் ஈர்க்கும் காந்தம், தமிழ்ப் பக்தி மரபில் இறையருளுக்கு உவமையாக நின்று வருகிறது. மதுரை அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் பயின்று, 1896-இல் திருவண்ணாமலைக்கு வந்து நிலைகொண்ட ரமண மகரிஷியும் தம் அட்சரமணமாலையில் காந்தம் இரும்பைக் கவர்வதை அருணாசலத்தின் அருளுக்கு உவமையாக்கியிருக்கிறார். ரமணாசிரமம் பகுதியில் வளரும் கிறிஸ்தவக் குழந்தையின் செவியிலும் காந்தம் முதலில் உவமையாகவே விழக்கூடும். ஞாயிறு பள்ளியிலோ, கிறிஸ்து மனிதரைத் தம்மிடம் சேர்ப்பதற்கு அதே உவமை கூறப்படுவதுண்டு. ஆனால் உவமைக்கு முன்பாகப் பொருளையே குழந்தை கையில் எடுத்து அறியவேண்டும் என்பதும், அவ்வாறு அறிவதே நம்பிக்கையின் ஓர் அங்கம் என்பதும் கற்பிப்போர் மனங்கொள்ள வேண்டியவை.

இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஆணி, குண்டூசி, செப்புச் சொம்பு, பித்தளைக் குத்துவிளக்கு, அலுமினியத் தட்டு, எவர்சில்வர் டம்ளர், சில நாணயங்கள் ஆகியவற்றை முன்வைத்து, எவை ஒட்டும் என்று குழந்தை முதலில் ஊகித்துப் பிரித்த பின்னரே சட்டக் காந்தத்தைக் கையில் கொடுக்கவேண்டும். எல்லா உலோகமும் ஒட்டும் என்ற எண்ணம் அப்போதே உடைந்துவிடுகிறது: எஃகால் ஆன ஒரு ரூபாய் நாணயம் ஒட்டுகிறது, செம்பும் நிக்கலும் கலந்த பழைய ஐந்து ரூபாய் நாணயம் ஒட்டுவதில்லை, எவர்சில்வரிலோ, உலோகக் கலவையைப் பொறுத்து, சில பாத்திரங்கள் ஒட்டச் சில ஒட்டாமல் விடுகின்றன. பொருளின் பளபளப்பு அதன் காந்தத் தன்மையைச் சொல்லாது என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்கிறது. விழுங்கப்பட்ட சிறு காந்தங்கள் குடலின் மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடக்கூடும் என்பதால், வாய்க்குள் போகாத அளவுள்ள காந்தத்தையே பெரியவர் கண்காணிப்பில் தரவேண்டும்.

இரும்பு, நிக்கல், கோபால்ட் ஆகியவை காந்தத்தால் வலுவாக ஈர்க்கப்படும் ஃபெர்ரோ காந்தப் பொருள்கள் எனப்படுகின்றன. இவற்றின் அணுக்கள் ஒவ்வொன்றும் நுண்ணிய காந்தம் போன்றவை. அவை, காலை வழிபாட்டில் ஒரே திசை நோக்கி அணிவகுக்கும் மாணவர்களைப் போல ஒழுங்குபடும்போது, பொருள் முழுவதும் காந்தமாகிறது. இரும்பை ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அந்த ஒழுங்கு குலைந்து, அதன் வலுவான காந்தத் தன்மை மறைகிறது. திருவண்ணாமலையை அடுத்த கவுத்திமலை, வேடியப்பன்மலைப் பாறைகளில் உள்ள மேக்னடைட் என்னும் இரும்புத் தாது இயற்கையிலேயே காந்தத்தால் ஈர்க்கப்படுவது. அதை வெட்டியெடுக்கும் திட்டத்தைச் சுற்றுவட்டார மக்கள் எதிர்த்த செய்தியையும் சேர்த்துக் கூறினால், படைப்பைப் பயன்படுத்தும் மனிதனுக்கு அதைக் காக்கும் கடமையும் ஆதியாகமத்தில் தரப்பட்டிருப்பது குழந்தைக்குத் தன் ஊர்ச் செய்தியாகவே விளங்கும்.

ஒரே சோதனையை எத்தனை முறை செய்தாலும் ஒரே விடை கிடைப்பதற்குக் காரணம், உலகம் ஒழுங்குள்ள படைப்பாக இருப்பதே என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. சாண்டிமேனியன் என்னும் சிறு சபையின் மூப்பராக இருந்த மைக்கேல் ஃபாரடே, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனின் கிறிஸ்துமஸ் விரிவுரைகளில் சிறுவர்களுக்கு அறிவியலைச் செய்துகாட்டிக் கற்பித்தார். ஒட்டாதவை என்று கருதப்பட்ட கண்ணாடி போன்ற பொருள்களும் வலிய காந்தத்தால் மிக மெல்லிதாக விலக்கப்படுவதை 1845-இல் அவரே கண்டறிந்தார். இயற்பியலாளர் மேக்ஸ்வெல் முதல் பேராசிரியராக விளங்கிய கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தின் வாசற்கதவில், இறைவனின் செயல்கள் ஆராயப்படுபவை என்ற கருத்துடைய 111-ஆம் சங்கீத வசனம் பொறிக்கப்பட்டது. எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்குமாறு பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய அறிவுரையும் இந்த மனப்பான்மைக்கு அரண் செய்கிறது.

இனி உவமைக்கு வரலாம். காணமுடியாத ஆற்றலும் மெய்யானதாக இருக்கமுடியும் என்பதைக் காந்தம் நன்றாகவே காட்டுகிறது. ஆயினும் காந்தம் இரும்பைத் தேர்ந்து செம்பை விட்டுவிடுவதைக் கண்ட குழந்தை, கடவுளும் சிலரை விட்டுவிடுவாரோ என்று கேட்கக்கூடும். அது நேர்மையான கேள்வி. யோவான் நற்செய்தியின் 12-ஆம் அதிகாரம் பேசும் கிறிஸ்துவின் ஈர்ப்பு யாரையும் ஒதுக்காதது என்றும், உவமை அவ்விடத்தில் பொருந்தாது என்றும் ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். அப்படிச் சொல்லும் ஆசிரியரிடம் கற்கும் குழந்தை, அறிவியலையும் நம்பிக்கையையும் ஒன்றுக்காக மற்றொன்றை வளைக்காமல் இரண்டையும் மெய்யாகப் போற்றக் கற்றுக்கொள்ளும்.